ஜேபஸ் டன்ஸ்டர் தைத்த கொடும்பாவிகள்

எங்கள் ஈஸ்ட்வெல் துறைமுகத்தில், அமெரிக்காவுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தவர்கள் என்று இன்றைக்குப் பதினான்கு பேர் இருக்கிறார்கள். தேவாலயத்தில் அவர்களுக்கு முன்வரிசை. டேபர் விடுதியில் முதல் கோப்பை ரம் இலவசம். இதில் ஒன்பது பேர் அந்த முக்கியமான நாட்களில் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்திருந்தவர்கள் என்பதைச் சொல்லி யாரையும் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் மாட்சிமை தங்கிய மூன்றாம் ஜார்ஜ் அரசரோடு எங்கள் ஊருக்கு இருந்த உறவைக் கத்தரித்துவிட்டவர் பதினைந்தாவது ஆள். கத்தரிப்பதுதான் அவருக்குத் தொழிலும்கூட. தையற்காரர் ஜேபஸ் டன்ஸ்டர்.

சண்டைக்குக் காரணமான வரியைப் போட்டது யார், ஏன் போட்டார்கள், எடுத்தால் என்ன ஆகும் என்பது பற்றியெல்லாம் ஜேபஸுக்குக் கடைசிவரை ஒரு அபிப்பிராயமும் கிடையாது. அவர் கவலைப்பட்டது ஒரே ஒரு தோலைப் பற்றி. மச்சினனுடைய தோல்.

மச்சினன் பெயர் ஈனாக் லேத்ரப். ஜேபஸின் மனைவி மெஹிட்டபெல்லுக்கு ஒரே தம்பி. மெஹிட்டபெல் என்று முழுசாகக் கூப்பிட ஊரில் யாருக்கும் பொழுதில்லை, ஹிட்டி என்போம். பெற்றவர்கள் இருவரும் ஒரே வாரத்தில் அம்மையில் போனபோது ஹிட்டிக்குப் பதினாறு, தம்பிக்கு ஐந்து. வளர்த்தது அவள்தான். வளர்ந்தவன் போய் அரசரின் சுங்கத்தில் சேர்ந்தான். வந்து நிற்கிற கப்பலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வரி கட்டாமல் ஒரு பீப்பாயும் இறங்காமல் பார்த்துக்கொள்வது வேலை. வெயில் காலத்தில் கப்பல் தளத்தில் தூங்குவான், குளிர் காலத்தில் கப்பலின் சமையல் அறையில் தூங்குவான். அவன் தூங்கும்போது எத்தனை பீப்பாய் இறங்கியது என்று எங்கள் ஊரில் யாரும் எண்ணியதில்லை. அந்த வகையில் அவன் எல்லோருக்கும் பிடித்த அதிகாரி. ஜேபஸ் வீட்டின் பின்பாதியில் குடியிருந்தான். நடுவே ஒரு பலகைச் சுவர், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே புகைபோக்கி.

ஜேபஸின் கடைச் சுவரில் ஊரே தொங்கியது. எங்கள் பக்கத்துத் தையற்காரர்கள் ஆளுக்கொரு நீளக் காகிதப் பட்டை வெட்டி, மார்பு இவ்வளவு, தோள் இவ்வளவு, வயிறு இவ்வளவு என்று அதன் ஓரத்தில் சிறுசிறு வெட்டாகப் போட்டு வைப்பார்கள். அந்தப் பட்டைதான் அந்த ஆள். பாதிரியார் ஒரு ஆணியில், கொல்லன் ஒரு ஆணியில். சுங்க அதிகாரியும், கள்ளக் கடத்தல் செய்கிற கப்பல் முதலாளியும் ஒரே ஆணியில். காற்றடித்தால் இரண்டு பேரும் உரசிக்கொள்வார்கள். ஜேபஸுக்கு இரண்டு பேரும் வேண்டியவர்கள். எந்தப் பக்கம் என்று யாரும் தன்னைக் கேட்காமலே வாழ்க்கை முடிந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் தினமும் செய்த ஜெபம்.

அவரைக் கெடுத்தது ஒரு விளையாட்டு. நவம்பர் ஐந்தாம் தேதி போப் நாள் என்று எங்கள் கடற்கரை ஊர்களில் கொண்டாடுவோம். எங்களில் யாரும் போப்பைக் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. அதனாலேயே அவர்மேல் எங்களுக்குக் கோபம் அதிகம். போப்பும் சாத்தானும் கொடும்பாவிகளாக ஒரு சப்பரத்தில் வருவார்கள். வடக்குத் தெருவுக்கு ஒரு சப்பரம், தெற்குத் தெருவுக்கு ஒரு சப்பரம். நடுவில் சந்தித்து மண்டையை உடைத்துக்கொண்டு, ஜெயித்தவர்கள் இரண்டு போப்பையும் எரிப்பார்கள். தெற்குத் தெரு போப்பைத் தைப்பவர் ஜேபஸ். அவர் தைத்த போப்புக்கு அங்கியின் உள்மடிப்புகூட ஒழுங்காக இருக்கும். எரியப்போகிற துணிக்கு எதற்கய்யா உள்மடிப்பு என்று கேட்டால், தெரிந்தே எப்படி அரைகுறையாக விடுவது என்பார்.

ஆயிரத்து எழுநூற்று அறுபத்தைந்தில் லண்டனில் யாருக்கோ முத்திரை வரி என்று ஒரு யோசனை தோன்றியது. பத்திரம், பத்திரிகை, சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் அரசு முத்திரை குத்திய தாள்தான் இனிமேல். எங்களுடையது, சீட்டாடுவது பாவம் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்கிற ஊர். யார் யார் வீட்டில் சீட்டுக்கட்டு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபப்பட்டவர்களை எண்ணினாலே போதும்.

கோபத்துக்குத் தலைமை தாங்கியவர் கர்னல் பெலேக் வின்ஸ்லேட். மூன்று கப்பல் வைத்திருந்தார். லண்டன் பாராளுமன்றத்தில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை, நம்மைக் கேட்காமல் நம் பையில் கை வைக்க அவர்கள் யார், நாமென்ன அடிமைகளா என்று ஊர்க் கூட்டத்தில் முழங்கினார். நியாயமான கேள்விதான். அவர் முழங்கியபோது வாசலில் அவருடைய குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் குவாமினோ. அவரைக் கர்னல் பாஸ்டனில் விலை கொடுத்து வாங்கியிருந்தார். ஹிட்டி இதையெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, ஊர்க் கூட்டத்தில் தனக்கும்தான் ஓட்டு இல்லை, ஆனால் தன் கோழிக் கூண்டுக்குச் சேர்த்துத்தானே ஊர்வரி வாங்குகிறார்கள் என்றாள். அது வேறு விஷயம் என்று அவளுக்கு விளக்கப்பட்டது.

முத்திரைத் தாளை எங்கள் வட்டாரத்தில் விற்கிற பொறுப்பை ஹாலிபர்ட் என்ற கனவான் ஏற்றிருந்தார். போப்பை விட்டுவிட்டு இந்த வருஷம் ஹாலிபர்ட்டை எரிக்கலாம் என்று வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் சரித்திரத்தில் முதல் முறையாகக் கைகோத்தன. ஜேபஸ் ஆணியிலிருந்து ஹாலிபர்ட்டின் பட்டையை எடுத்தார். இடது தோள் கொஞ்சம் இறக்கம், வயிறு வலப்பக்கம் சாய்வு, எல்லாம் அதில் இருந்தது. விடிந்ததும் ஊர் நடுவில் இருக்கிற பெரிய எல்ம் மரத்தில் தொங்கியதைப் பார்த்து ஹாலிபர்ட்டின் சொந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு போய் அடியில் படுத்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் ஹாலிபர்ட் மரத்தடிக்கு வந்து, கண் கலங்கி, பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் கடைக்கு வந்து, எரிந்துபோன கோட்டு தனக்குத் தைத்ததைவிடத் தோளில் நன்றாக உட்கார்ந்திருந்தது, அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டார்.

அன்றிலிருந்து அது முறையாகிவிட்டது. யாருக்குக் கொடும்பாவி தொங்குகிறதோ அவர் மறுநாள் மத்தியானத்துக்குள் மரத்தடிக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். வராவிட்டால் ஊர் அவரைத் தேடிப் போகும், போகும்போது தார்ச் சட்டியையும் ஒரு மூட்டை வாத்து இறகையும் எடுத்துக்கொண்டு போகும். சூடான தாரை உடம்பில் ஊற்றி இறகை ஒட்டி வண்டியில் ஏற்றினால், தார் ஆறியபின் உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். இதற்கு எங்கள் ஊரில் அறிவுரை சொல்வது என்று பெயர்.

இன்னொரு முறையும் உண்டு. எரிப்பதற்கு முன்னால் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு, அரசர் நீடூழி வாழ்க என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் சண்டை அரசரோடு இல்லை. அரசர் தங்கம். கெட்டவர்கள் மந்திரிமார்கள்தான். இது மட்டும் அவர் காதுக்குப் போனால் போதும், உடனே வரியை எடுத்துவிடுவார் என்று வருஷா வருஷம் கர்னல் தலைமையில் லண்டனுக்கு மனு போட்டோம். மனுவின் தொடக்கத்தில் அரசருக்குப் பாதவணக்கம், கடைசியில் அரசருக்குப் பாதவணக்கம். பதில் மட்டும் சிப்பாய்கள் வடிவத்தில் வந்துகொண்டிருந்தது.

முத்திரை வரி போய், கண்ணாடிக்கும் சாயத்துக்கும் காகிதத்துக்கும் தேயிலைக்கும் வரி வந்தது. அதற்குப் பதிலாக நாங்கள் சீமைத் துணியை விட்டோம். இனி தேசாபிமானி எவனானாலும் வீட்டு ராட்டையில் நூற்று நெய்த துணியைத்தான் போட வேண்டும் என்று கர்னல் தலைமையில் கூடிய ஊர்க் கமிட்டி தீர்மானித்தது. கர்னல் அந்தச் சொரசொரப்புத் துணியில் கோட்டு போட்டுக்கொண்டு பொது இடத்தில் முதுகைச் சொறியாமல் நின்றதை அவருடைய தியாகங்களில் முதன்மையானதாகச் சொல்வார்கள். ஜேபஸுக்கோ உயிரே போய்விட்டது. அந்தத் துணி மடிப்பு நிற்காது, ஓரம் பிரியும், மழையில் நனைந்தால் ஈர ஆடு மாதிரி நாறும். அவர் அலமாரியில் பழைய சீமைக் கம்பளி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை யாருக்கு வெட்டுவது? யாருக்கும் கூடாது, ஒரே ஒரு விதிவிலக்கைத் தவிர. ராட்டைத் துணி தேசாபிமானிகளின் உடை என்பதால் துரோகியின் கொடும்பாவிக்கு அதைப் போடுவது அவமரியாதை, கொடும்பாவிகள் சீமைத் துணியில்தான் இருக்க வேண்டும் என்று கமிட்டி ஒரு துணைத் தீர்மானம் போட்டிருந்தது. ஆக, எங்கள் ஊரில் நல்ல கோட்டு போடுகிற பாக்கியம் துரோகிகளுக்கு மட்டும், அதுவும் எரிகிறவரைக்கும் மட்டும். ஜேபஸ் மெல்ல மெல்ல அடுத்த துரோகி யார் என்று ஆவலோடு விசாரிக்கிறவராக ஆனார்.

துரோகிகளுக்குக் குறைவில்லை. சுங்கத் தலைவர் தொங்கினார், ஊரை விட்டுப் போனார். சீமைச் சாமான் இறக்கிய வியாபாரி தொங்கினார், திருந்தினார். தேயிலை விற்ற கடைக்காரர் தொங்கினார், தேயிலையை நடுத்தெருவில் கொட்டி அவரே தீ வைத்தார். எழுபத்து மூன்றில் லண்டன்காரர்கள் தேயிலை விலையைக் குறைத்தார்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கொடுமை. கர்னலின் கப்பல்கள் டச்சுக்காரர்களிடமிருந்து கொண்டுவந்து அரையிருட்டில் இறக்குகிற தேயிலையைவிட, வரி கட்டிய தேயிலை மலிவாகப் போய்விட்டது. மலிவான தேயிலையைக் குடிப்பது அடிமைத்தனம் என்று கர்னல் அன்று பேசிய பேச்சில் கல்லும் கரைந்திருக்கும். பாஸ்டன்காரர்கள் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், அரசர் பாஸ்டன் துறைமுகத்தையே மூடினார்.

எழுபத்து நான்கு நவம்பர் நெருங்கியபோது கமிட்டிக்கு ஒரு சங்கடம் வந்தது. கோபம் முன்னைவிடப் பத்து மடங்கு இருக்கிறது, எரிக்கத்தான் ஆள் இல்லை. பெரியவர்கள் எல்லோரும் ஒன்று ஓடிவிட்டார்கள், அல்லது திருந்திக் கமிட்டியில் சேர்ந்துவிட்டார்கள். அரசரின் சம்பளப் பட்டியலில் மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தபோது, கடைசிப் படியில் ஒரே ஒருவன் உட்கார்ந்திருந்தான். தூங்கிக்கொண்டு.

வியாழக்கிழமை கர்னலே கடைக்கு வந்து சொன்னார். ஈனாக்.

பலகைச் சுவர் மெல்லியது. கர்னல் வாசலைத் தாண்டுவதற்குள் ஹிட்டி மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"உங்க பட்டையில என் தம்பி இருக்கானா?"

"எல்லாரும்தான் இருக்காங்க, ஹிட்டி."

"அப்ப கேட்டுக்கங்க. அவன் மேல ஒரு சொட்டு தார் பட்டுச்சுன்னா இந்த வீட்ல உங்களுக்கும் எனக்கும் பேச்சில்ல. அந்தப் பக்கம் அவன் இருந்த அறையில நான் இருந்துக்குவேன். நடுவுல சுவர் இருக்கு."

தான் தைக்காவிட்டால் வடக்குத் தெருவில் வேறு எவனாவது தைப்பான் என்றார் ஜேபஸ். கமிட்டிக்கு இல்லையென்று சொன்னால் அடுத்த பொம்மை தானேதான் என்பதையும் பயந்த குரலில் சேர்த்துக்கொண்டார்.

"தைக்க வேண்டாம்னு யாரு சொன்னா? தைங்க. மோசமா தைங்க. அது யாருன்னே தெரியக் கூடாது. தெரியலேன்னா எவன் வீட்டுக்குத் தாரைத் தூக்கிட்டுப் போவானுங்க?"

யோசனை என்னவோ நல்ல யோசனை. ஆனால் முப்பது வருஷமாக மோசமாகத் தைக்காத மனிதரிடம் போய்ச் சொன்னால் எப்படி? ஈனாக் ஒல்லி, நீளத் தாடை, சரிந்த தோள். ஜேபஸ் வைக்கோலைக் கண்டபடி திணித்துப் பார்த்தார், தோள் தானாகச் சரிந்தது. சாக்குத் துணியில் கண்ணை மூடிக்கொண்டு முகம் வரைந்தார். சாக்கிலிருந்து ஈனாக் நீளத் தாடையோடு அவரைப் பார்த்தான். மூன்று தலைகளை அடுப்பில் போட்டார். அந்தப் பக்கம் ஈனாக் வேறு, அத்தான் தன்னை எப்படித் தைக்கப் போகிறார், மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கினால் நன்றாக இருக்கும் என்று சுவர் வழியாகவே கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஜேபஸ் ஒரு முடிவுக்கு வந்தார். ஈனாக்கின் பட்டையில் என்ன இருக்கிறதோ அதற்கு நேரெதிராக வெட்டுவது. ஒல்லிக்குப் பதில் தொப்பை. சரிந்த தோளுக்குப் பதில் நிமிர்ந்த தோள். மிஞ்சியிருந்த சீமைத் துணி கருஞ்சிவப்புக் கம்பளி ஒன்றுதான். அது போதாமல் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. ஒட்டு தெரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது என்பதால் அதன் மேல் தங்கச் சரிகை வைத்துத் தைத்தார். முகம் மட்டும் பாக்கி. இதற்கு யாருடைய முகமுமில்லாத ஒரு முகம் தேவைப்பட்டது.

அந்த மாதிரி முகத்தை அவர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். டேபர் விடுதி வாசலில் ஒரு பலகை தொங்கும். அதில் உப்பிய கன்னமும் பிதுங்கிய கண்ணுமாக ஒரு முகம். மழை கரைக்கும், டேபர் படகுக்கு அடித்து மிஞ்சிய சாயத்தால் பூசி வைப்பான். பன்னிரண்டு வருஷமாக அதன் கீழே குனிந்துதான் எல்லோரும் உள்ளே போகிறோம், வெளியே வரும்போது சிலர் தவழ்ந்தும் வருகிறோம். விடுதிக்கு உண்மையான பெயர் அரசர் தலை விடுதி. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அதைக் கூப்பிட்டதில்லை, டேபர் கடைதான். ஜேபஸுக்கு அது வாசல் முகம், அவ்வளவுதான். சனிக்கிழமை ஒரு கோப்பை ஆப்பிள் சாராயத்தோடு வெளியே நின்று அதைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டு போனார்.

ஹிட்டி பொம்மையைச் சுற்றி வந்து பார்த்தாள். விடுதிப் பக்கம் அவள் போனதே இல்லை. "என் தம்பி இல்ல. போதும்," என்றாள். ஜேபஸ் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, மோசமாகத் தைக்கப் போய் இதுவரை தைத்ததிலேயே நல்ல கோட்டு இதுதான் என்று வருத்தப்பட்டார்.

அந்த வருஷம் நவம்பர் ஐந்து சனிக்கிழமையில் வந்தது. எங்களுக்குச் சனிக்கிழமை சூரியன் விழுந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். ஒரு மனிதனின் தோலை உரிப்பதற்கு ஓய்வுநாள் ஏற்றதல்ல என்று பாதிரியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் திங்கட்கிழமைக்கு வைத்தோம்.

திங்கள் பொழுது சாயும் நேரத்தில் சப்பரம் எல்ம் மரத்தடிக்கு வந்தது. பொம்மைமேல் பாய்மரத் துணி போர்த்தியிருந்தது. படகுத்துறையில் தார் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் ஈனாக் சோம்பேறி, மத்தியானம்வரை பொறுத்தாலும் வரமாட்டான் என்று கமிட்டி முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. ஹிட்டி கூட்டத்தின் ஓரத்தில், கையை இடுப்பில் கட்டிய சமையல் துணிக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

கர்னல் தொப்பியைக் கழற்றினார். முந்நூறு பேரும் கழற்றினார்கள். அரசர் நீடூழி வாழ்க என்று முதல் தடவை சொன்னபோது துறைமுகமே அதிர்ந்தது. அதோடு போர்வையை இழுத்தார்கள். இரண்டாவது தடவை பாதிப் பேர்தான் சொன்னார்கள். மூன்றாவது தடவை கர்னல் மட்டும் சொன்னார், ஏனென்றால் அவர் கூட்டத்தைப் பார்த்து நின்றிருந்தார்.

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முந்நூறு பேர் அந்தக் கருஞ்சிவப்புக் கோட்டை, தங்கச் சரிகையை, உப்பிய கன்னத்தைப் பார்த்தோம். பீப்பாய் செய்கிற ஆசஹெல்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"டேபர் கடை வாசல்ல தொங்குறவர்யா இது."

அப்போதுதான் ஜேபஸுக்கும் தெரிந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் அதையும் ஒரு பலகையில் வரைந்து மாட்டியிருப்பீர்கள். கர்னல் திரும்பிப் பார்த்தார். மந்திரியை எரித்தால் கலகம், அபராதத்தோடு போகும். அரசரை எரித்தால் ராஜத்துரோகம், கழுத்தோடு போகும். மூன்று கப்பல்களோடும் போகும்.

"ஜேபஸ்," என்றார் மெதுவாக, "இது யாரு?"

எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று இத்தனை வருஷம் ஜெபம் பண்ணிய மனிதரிடம் கேட்டேவிட்டார்கள். ஈனாக் என்று சொன்னால் தன் கழுத்து தப்பும். கை தவறிவிட்டது, ஐயா, மன்னித்துவிடுங்கள் என்றால் சிரித்துவிட்டு விடுவார்கள். பிறகு தார்ச் சட்டி தன் வீட்டுப் பின்வாசலுக்குப் போகும். அவர் ஹிட்டியைப் பார்த்தார். அவளும் சும்மா பார்த்தாள்.

"யார் பேர்ல வரி வருதோ அவரைத் தச்சிருக்கேங்க, கர்னல் ஐயா."

அரசர் நல்லவர், மந்திரிகள்தான் கெட்டவர்கள் என்று கர்னல் மனப்பாடமாக ஆரம்பித்தார். ஆசஹெல் விடவில்லை.

"பத்து வருஷமா மனு போடுறோமே கர்னல், யாருக்குப் போட்டோம்?"

"அரசருக்கு."

"படிச்சாரா?"

"படிச்சிருப்பார்."

"படிச்சுட்டுத்தான் சிப்பாயை அனுப்பினாருன்னா அவரும் கெட்டவருதான். படிக்கவே இல்லேன்னா, அவரு நமக்கு எதுக்கு?"

அப்போது கூட்டத்துக்குப் பின்னால் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த குவாமினோ தன் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அவருக்குக் குளிர் எடுத்திருக்கலாம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அடுத்து ஆசஹெல் போட்டார். பிறகு கொல்லன், பிறகு டேபர். முந்நூறு தொப்பிகள் ஒவ்வொன்றாகத் தலைக்குத் திரும்பின. கடைசியில் வெறுந்தலையோடு நின்றவர் கர்னல் ஒருவர்தான், அவருக்கோ முன்வழுக்கை, கடல் காற்று வேறு. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவரும் போட்டுக்கொண்டார். தீ வைத்தார்கள். சீமைக் கம்பளி நன்றாக எரிந்தது. உள்மடிப்புகூடப் பிரியவில்லை என்று ஜேபஸ் கவனித்தார்.

அப்புறம் ஈனாக்கை யார் நினைப்பார்கள்? அரசரையே எரித்த ஊர் ஒரு சுங்கக் கடைநிலை ஆளைத் தேடிப் போவது கௌரவக் குறைவு. கொதித்த தாரை வீணாக்காமல் ஒரு மீன்படகின் அடியில் பூசினார்கள்.

ஜேபஸும் ஹிட்டியும் வீட்டுக்கு வந்தபோது ஈனாக் கஞ்சிபோட்ட சட்டையோடு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பதவி விலகல் உரையை நான்கு பக்கத்துக்கு எழுதி, கண்கலங்க வேண்டிய இடங்களில் கோடு போட்டு வைத்திருந்தான். நடந்ததைக் கேட்டதும் முகம் தொங்கிவிட்டது.

"ஏன் அத்தான், எரிக்கிற அளவுக்குக்கூட நான் ஒரு ஆள் இல்லையா?"

"உன் தோலைக் காப்பாத்தத்தான்டா மாப்ளே."

"நாலு நாளா பயந்து செத்தேனே. யாராவது ஒருத்தர் வந்து கேட்டிருக்கலாம்ல."

ஹிட்டி அவனைச் சமையல் அறை மேஜையில் உட்கார வைத்து, நாங்கள் கேட்கிறோம், படி என்றாள். நான்கு பக்கமும் படித்தான். கோடு போட்ட இடத்திலெல்லாம் உண்மையாகவே கண்கலங்கினான். முடிந்ததும் கையெழுத்துப் போட வைத்து, காலையில் அவளே கொண்டுபோய் எல்ம் மரத்தில் ஆணி அடித்தாள். மூன்று நாளைக்கு அதை யாரும் படிக்கவில்லை. நான்காம் நாள் மழை படித்தது. ஈனாக் அதற்கப்புறம் அக்காவின் கோழிகளைப் பார்த்துக்கொண்டு, பகலில் தூங்கி, தோல் முழுசாக இருந்தான்.

கொடும்பாவி எரிந்த மறுநாள் கமிட்டி கூடி, அரசரைப் பற்றி இந்த ஊர் ஆதியிலிருந்தே இதே கருத்தைத்தான் கொண்டிருந்தது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. முதலில் தொப்பி போட்டவர் பெயர் அந்தக் குறிப்பில் இல்லை. கர்னல் பெயரும், அவர் கேட்டுக்கொண்டதால், இல்லை. பொதுமக்கள் என்று மட்டும் இருந்தது. ஒரே ஒரு பெயர் பெரிய எழுத்தில் இருந்தது: மேற்படி கொடும்பாவியைத் தைத்தவர், ஜேபஸ் டன்ஸ்டர். இது உங்களுக்குப் பெரிய மரியாதை என்று கர்னல் கையைக் குலுக்கினார். ராஜத்துரோகத்துக்கு யாராவது ஒருவரைத் தூக்கில் போட வேண்டி வந்தால் தேடி அலைய வேண்டாமே என்பதை அவர் குறிப்பிடவில்லை. வீட்டில் ஈனாக் குறிப்பிட்டான். சுங்கத்தில் இருந்தவனுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியும்.

அடுத்த ஏப்ரலில் ஒரு புதன்கிழமை தேவாலய மணி நிற்காமல் அடித்தது. பாஸ்டனிலிருந்து சிப்பாய்கள் வெடிமருந்தைத் தேடிக் கிளம்பியிருக்கிறார்கள், லெக்சிங்டன் திடலில் நம் ஆட்கள் எட்டுப் பேர் செத்துக் கிடக்கிறார்கள் என்று குதிரைக்காரன் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனான். ஒன்பது பேருக்கு அன்று காய்ச்சல் கண்டது என்று முன்பே சொல்லிவிட்டேன். ஜேபஸுக்குக் காய்ச்சல் வர வசதியில்லை. அரசர் ஜெயித்தால் முதல் கயிறு அவருக்குத்தான், ஆகவே அரசர் ஜெயிக்கக் கூடாது. ஹிட்டி ஒரு பையில் உப்புக் கருவாடும் ரொட்டியும் வைத்துக் கொடுத்து, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஈனாக் கோழிக் கூண்டருகே நின்று அத்தானுக்குக் கையசைத்தான்.

மாமனாரின் துப்பாக்கியைத் தோளில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஐந்தாறு மைல் நடந்தபின், பக்கத்தில் வந்த ஆசஹெலிடம் ஜேபஸ் கேட்டார்.

"நாம தோத்தா என்னய்யா ஆகும்?"

"தூக்கு."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"ஜெயிச்சா?"

ஆசஹெல் இதை யோசித்துப் பார்த்ததில்லை போலிருந்தது. நின்று, செருப்புக்குள் புகுந்த கல்லை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"வரியை நாமளே போட்டுக்கலாம்."

ஜேபஸ் திரும்பிப் பார்த்தார். சாலை நெடுக ஆட்கள் நெருக்கமாக வந்துகொண்டிருந்தார்கள், அவர் தைத்த கோட்டுகளில். விலகித் திரும்ப இடமில்லை. துப்பாக்கியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.